பதினாலு பரவால்ல

விஷ்ணுப்ரியா அறை பார்க்க வந்த அன்று அவளுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். பெயர் ஜீவன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு லிப்ட் கிடையாது. நான்கு மாடி ஏறி வந்தும் அவர் வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும், நான் கொடுத்த தண்ணீரை வாங்கியதும் இடது கையால்தான். மரியாதை தெரியாதவரோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, அந்தப் பைக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். என் கணவர் சிவநேசன் இறந்து அப்போது எட்டு மாதம். வீட்டுக்கு வருகிற எல்லாரையும் நான் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறை சிறியது. ஜன்னலைத் திறந்தால் மோனோரயில் தடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும்.

"படிக்கிற பிள்ளைக்குச் சத்தமா இருக்குமே," என்றேன்.

"பரவால்லக்கா," என்றார் ஜீவன்.

மகள் சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சத்தத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்தால் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். அவள் பார்த்தது அவருடைய வாயை. பங்சாரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். கையெழுத்தில்லாத தாளையும் காரணமில்லாத பார்வையையும் நான் லேசில் விடுவதில்லை.

ஆனாலும் அறையைக் கொடுத்தேன். தனியாக இருக்காதே என்று சொல்பவர்களின் வாயை அடைக்க எனக்கும் ஓர் ஆள் தேவையாக இருந்தது.

அவள் மேருக்காரி, கிள்ளானுக்குப் பக்கம். கையுறைத் தொழிற்சாலைகளுக்கும் லோரி நிறுத்தங்களுக்கும் நடுவே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. அப்பா முன்பு ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர், இப்போது வேறொரு தொழிற்சாலையில் வாசல் காவலர். அம்மா மாதவி பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறார். தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி, கிள்ளானில் ஆறாம் படிவம். அங்கிருந்து ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல். முதல் இரண்டு ஆண்டு மேருவிலிருந்தே போய்வந்திருக்கிறாள். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் ஸ்டேஷன், அங்கிருந்து கொம்யூட்டர் ரயில், அதற்குப் பிறகு எல்.ஆர்.டி. ரயில் தாமதமான நாளெல்லாம் காலை வகுப்பு போனது. கடைசி ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்பதால் இங்கே வந்தாள்.

உளவியல் என்றால் சொந்தக்காரர்களுக்கு ஒன்றுதான் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் யுகேந்திரன் மாமா அவளைப் பிடித்துக்கொண்டாராம்.

"சைக்கோ படிக்கிறியாமே? அப்ப நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பாப்போம்."

"பந்தி எப்ப போடுவாங்கன்னு நினைக்கிறீங்க, மாமா."

"அட, கெட்டிக்காரி லா!"

இதை அவள் என்னிடம் சொன்னபோது சிரித்தேன். சிரித்ததும், இப்போது என்னைப் பற்றி என்ன கண்டுபிடித்திருப்பாள் என்ற எண்ணம் வந்து சிரிப்பை நிறுத்திவிட்டேன். அதையும் அவள் கவனித்தாள்.

அவள் சொன்ன கல்லூரிக் கதைகளும் என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. உளவியல் மாணவர்கள் ஒருவர் செய்யும் சோதனையில் மற்றவர் போய் உட்கார வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. ஞாபகசக்தியைச் சோதிக்கிறோம் என்று கூப்பிடுவார்கள். அங்கே போனால் உண்மையில் சோதிப்பது வேறொன்றாக இருக்கும். முதலாம் ஆண்டில் ஒரு சீனியர் வேண்டுமென்றே பேனாக்களைக் கீழே கொட்டி, யார் உதவிக்குக் குனிகிறார்கள் என்று எண்ணியிருக்கிறார். அதிலிருந்து அவர்கள் வகுப்பில் யார் பொருளைக் கீழே போட்டாலும் யாரும் அசைவதில்லையாம்.

"அஃப்ரின் போன வாரம் கேன்டீன்ல தட்டோட விழுந்துட்டா ஆன்டி. நாங்க ஆறு பேர் பாத்துக்கிட்டே நிக்கிறோம். 'டேய், இது எக்ஸ்பெரிமென்ட் இல்லடா, தூக்குங்கடா'ன்னு அவளே கத்துறா."

அஃப்ரின் அவளுடைய வகுப்புத் தோழி. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். வாரக் கடைசியில் சில சமயம் வருவாள். வந்தால் இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்த வாரம் சமையலறையில் விஷ்ணுப்ரியாவின் கையிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது. நான் குனியவில்லை. அவளே எடுத்துக் கழுவி வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

பிறகு அந்த நீல நோட்டு. உள்ளங்கை அளவு, சுருள்கம்பி வைத்தது. தொலைபேசியில் நான் யாரிடமாவது பேசிவிட்டு வைத்தால், கூடத்தின் மூலையில் அவள் அதில் ஏதோ கோடு கிழிப்பாள். சமையல் கேஸ் தோம்பு கொண்டுவருகிற ராஜன், "அக்கா, லேட்டாயிடுச்சு, சாரி" என்பான், நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவேன். திரும்பினால் நோட்டு மூடப்படும் சத்தம் கேட்கும். என்ன எழுதுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"அசைன்மென்ட் ஆன்டி."

அவள் பொய் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்காமல் கழுத்தைப் பார்ப்பாள். நான்கு மாதத்தில் அது எனக்குத் தெரிந்துவிட்டது. நானும்தான் அவளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சிவநேசனின் ஓராண்டுத் திதி ஒரு சனிக்கிழமை வந்தது. கிள்ளானிலிருந்து நாத்தனார் தங்கமணி, அலுவலகத்து ஆட்கள், அவரோடு ரயில்வேயில் வேலை செய்தவர்கள் எனப் பலர் வந்தார்கள். விஷ்ணுப்ரியா காலையிலிருந்தே ஓடியாடி வேலை செய்தாள். வாழையிலை துடைத்தாள், வடை சுட்டாள், படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலை வைக்கலாமா என்று ஐயரிடம் கேட்டுத் திட்டு வாங்கினாள். திதியன்று நெத்திலியா என்று தங்கமணி தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளை கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாலையில் எல்லாரும் போன பின் குளியலறைக்குப் போகிறபோது அவள் அறைக் கதவு வழியாகக் குரல் கேட்டது. தொலைபேசியில் அஃப்ரினிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மட்டும் பதினாலு லா… ஆமா, பதினாலு! இல்ல, அழவே இல்ல. ஒரு சொட்டு கூட இல்ல. அதான் இன்ட்ரஸ்டிங்."

துண்டைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றேன். என் கணவரின் திதியில் நான் அழவில்லை என்பது ஒருத்திக்கு இன்ட்ரஸ்டிங். அன்று காலை வடை சுட்டது எதற்கு, ஐயரிடம் திட்டு வாங்கியது எதற்கு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே கீழே கொட்டிய பேனாக்கள் மாதிரித் தெரிந்தன.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனதும் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போனேன். அது தவறு என்று தெரியும். தெரிந்தேதான் போனேன்.

நோட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம்: தேதி, யாரிடம், எதற்கு, மலாய். யாரிடம் என்ற கட்டத்தில் கேஸ் அண்ணன், ஆபீஸ் போன், தங்கமணி ஆன்டி, 'நான்' என்று அவளும். எல்லாம் என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தையைப் பற்றித்தான். பரவால்ல.

ராஜன் தாமதமாக வந்ததற்கு நான் சொன்ன பரவால்லவுக்கு நேரே 'தாக் அப்பா' என்று எழுதியிருந்தாள். மலாயில் ஒன்றுமில்லை, போகட்டும் என்பதற்குச் சொல்வது. சாம்பார் எப்படி என்று அவள் கேட்டதற்கு நான் சொன்ன பரவால்லவுக்கு நேரே 'போலே தஹான்'. தாக்குப்பிடிக்கலாம், மோசமில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டதற்குச் சொன்னதன் நேரே வேண்டாம் என்பதற்கான மலாய். துக்கம் விசாரித்த ஒருவரிடம் நான் சொன்னதற்கு நேரே மலாய் இல்லை, தமிழில் 'போதும், நிறுத்துங்கள்' என்று இருந்தது.

அது சரிதான். அன்று நான் நினைத்தது அதுதான். அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சனிக்கிழமைப் பக்கத்தில் பதினாலு வரிகள். பதினொன்றாவது வரியில், 'தங்கமணி ஆன்டி: தனியா இருக்க முடியுதா?' என்று எழுதி, அதற்கு நான் சொன்ன பரவால்லவுக்கு எதிரே கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

நோட்டுக்குக் கீழே ஒரு கோப்பு. அதில் பன்னிரண்டு ஒப்புதல் படிவங்கள், மேரு, கிள்ளான் ஆட்களின் கையெழுத்தோடு. பதின்மூன்றாவது படிவத்தில் என் பெயர். அவள் வந்த முதல் மாதத்துத் தேதி போட்டிருந்தது. கையெழுத்து இடம் காலி. நான் கோப்புகளோடு வாழ்கிறவள். கையெழுத்தில்லாத படிவம் இரண்டு விதமாகவும் பேசும். கேட்க நினைத்தாள், துணிவில்லை என்று சொல்லும். கேட்காமலே எடுத்துக்கொண்டாள் என்றும் சொல்லும்.

படிவத்தோடு பின் செய்திருந்த தகவல் தாளின் கடைசியில், இந்த ஆய்வு பற்றிப் புகார் இருந்தால் தொடர்புகொள்ள என்று அவளுடைய விரிவுரையாளர் டாக்டர் ரோஸ்லினாவின் எண் இருந்தது. அந்தத் தாளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

மாலை அவள் வந்தபோது நோட்டும் கோப்பும் சாப்பாட்டு மேசைமேல் இருந்தன. பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"என் ரூமுக்குள்ள போனீங்களா, ஆன்டி?"

"நீ என் வாய்க்குள்ள போனியே. அதுக்கு யார்கிட்ட கேட்ட?"

அவள் பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள்.

"பதினாலுன்னு போன்ல சொன்னியே. அழுதாளா இல்லையான்னு எண்ணுறதுக்கா இந்த வீட்டுக்கு வந்த?"

"அழுறத எண்ணல ஆன்டி. வார்த்தையத்தான்." இந்த முறை என் கழுத்தைப் பார்க்கவில்லை. "அப்பா ஏன் எப்பவும் கைய பைக்குள்ளயே வெச்சிருக்காருன்னு நீங்க இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

கேட்டதில்லைதான். கேட்காமலே இன்னும் பையைப் பற்றிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் முதலாம் படிவம் படிக்கும்போது ஜீவனின் வலது கை கையுறை மெஷினில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் நசுங்கின. ஆறு வாரம் கழித்து, அவரை மறுபடி அதே மெஷினுக்கு அனுப்பலாமா என்று பார்க்க டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்கு வேலை. மகள் பள்ளிச் சீருடையோடு கூடப் போனாள்.

"அப்பாவுக்கு மலாய் தெரியாதா?" என்று கேட்டேன்.

"என்னைவிட நல்லா பேசுவாரு. ஆனா டாக்டர்னா அவருக்கு வாய் வராது ஆன்டி. டாக்டர், இன்னும் வலிக்குதான்னு கேட்டாரு. அப்பா என்னைப் பாத்து, 'பரவால்லன்னு சொல்லு'ன்னாரு. எனக்கு யு.பி.எஸ்.ஆர். பரீட்சைல மலாய்க்கு ஏ. ரொம்ப பெருமையா, 'தாக் அப்பா, டொக்டோர்'னு சொன்னேன்."

டாக்டர் வலியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை ஜீவன் அதே மெஷின் முன்னால் நின்றார். மூன்று மாதத்தில் அந்த இரண்டு விரல்களும் மடங்கவே மறுத்தன. மலாயில் தாக் என்றால் இல்லை. டாக்டரைப் பார்த்த அன்று கிளினிக் படியிறங்கும்போது அவர் சிரித்துக்கொண்டே, "தாக் அப்பான்னா, அப்பா இல்லேன்னு அர்த்தமாம்மா?" என்று கேட்டாராம்.

"இன்னைக்கும் வீட்டுல அது ஜோக்குதான் ஆன்டி. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்."

அதனால்தான் அவளுடைய ஆய்வு ஒரு வார்த்தையைப் பற்றியது. நம் ஆட்களிடம் மனநிலை எப்படி என்று கேட்கும் தமிழ்க் கேள்வித்தாளில் ஐந்து பதில்கள் இருக்கின்றன. மிக மோசம், மோசம், பரவாயில்லை, நன்று, மிக நன்று. எல்லாரும் நடுவில் இருக்கிற பரவாயில்லையில் புள்ளி போடுகிறார்கள். கணக்குப் போட்டால் தமிழர்கள் எல்லாரும் நடுத்தரமாக இருக்கிறார்கள் என்று வருகிறது. வேலை போனவரும் நடுத்தரம், பிள்ளையைப் பறிகொடுத்தவரும் நடுத்தரம். அவர்கள் சொன்னது எந்தப் பரவாயில்லை என்று யாரும் கேட்பதில்லை என்கிறாள் அவள்.

கதை மனதைத் தொட்டது. மனதைத் தொடும் கதையைச் சரியான நேரத்தில் சொல்லத் தெரிந்தவர்களை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அது உங்கப்பா," என்றேன். "நான் யாரு உனக்கு? என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா அப்புறம் நீங்க அந்த வார்த்தைய சொல்ல மாட்டீங்க. சொன்னாலும் எனக்காக சொல்லுவீங்க." உடனே இல்லை என்று தலையாட்டினாள். "அதுவும் பொய்தான் ஆன்டி. ஃபார்ம எடுத்துக்கிட்டு மூணு தடவ வந்தேன். அங்கிள் படத்துக்கு விளக்கு வெச்சுக்கிட்டு இருந்தீங்க. கேக்க முடியல. எழுதுறத மட்டும் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல."

"ரிப்போர்ட்ல போட்டியா?"

"இல்ல. சைன் இல்லாம போட முடியாது. ஆனா நீங்க கம்ப்ளைன் பண்ணா மொத்த ஸ்டடியும் நின்னுடும். அந்தப் பன்னெண்டு பேரோடதும் சேத்து." கோப்பில் தகவல் தாள் இல்லாததை அவள் பார்த்துவிட்டாள். "நம்பர் உங்ககிட்டதான் இருக்கு. பண்ணுங்க ஆன்டி. தப்புதான்."

என்னைப் பற்றிய பக்கங்களைச் சுருள்கம்பியிலிருந்து பிய்த்து மேசைமேல் வைத்தாள். எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருந்ததா என்று.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் நாங்கள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அது இல்லாமல் ஒரு வீட்டை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் குளியலறையில் அதிக நேரம் எடுத்துவிட்டு, "சாரி ஆன்டி" என்றால் நான் என்ன சொல்வது? "சரி" என்றேன். அது திட்டுவது போல் இருந்தது. புதன்கிழமை காலை அவள் அறை வாசலில் ஒரு துணிப்பை கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். மாலையில் அப்பா வருவதாகச் சொன்னாள். போகச் சொல்லி நான் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை.

மதிய இடைவேளையில் அலுவலக மாடிப்படியில் நின்று டாக்டர் ரோஸ்லினாவுக்கு அழைத்தேன். என்ன பேசுவது என்று மூன்று வாக்கியம் தாளில் எழுதி வைத்திருந்தேன். பெயர், முகவரி, அனுமதியின்றி. மென்மையான குரலில் பேசினார். விஷ்ணுப்ரியாவின் ஆய்வு பற்றி என்றதும், மலாயில் அவசரமில்லாமல் கேட்டார்.

"அவளால் உங்களுக்கு ஏதாவது வருத்தம் ஏற்பட்டதா, புவான்?"

வருத்தம் இருந்தது. ஒரு வருடத்தில் என்னிடம் அதை நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான், முகம் தெரியாதவர். தாளில் இருந்த வாக்கியங்கள் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"தாக் அப்பா, டொக்டோர்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. புகார் ஏதுமில்லை என்று பதிந்துகொள்கிறேன், நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னது அதுவல்ல என்று சொல்ல மறுபடி அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளை ஒன்று சீருடையோடு அந்தப் படியில் எனக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஜீவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். வலது கை வெளியே இருந்தது. இரண்டு விரல்கள் குச்சி போல் நீட்டிக்கொண்டிருந்தன.

"பிள்ள எல்லாம் சொல்லுச்சுக்கா. தப்பு பண்ணிருக்கா. நான் கூட்டிட்டுப் போயிடுறேன்."

"அவ ரூம் அவளுக்கு இருக்கு," என்றேன். "நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சமையலறையில் விஷ்ணுப்ரியா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"என்ன சொன்னீங்க, ஆன்டி?"

"பரவால்லன்னு சொன்னேன்."

அவள் திரும்பினாள். நான் முதலில் பார்த்தது அவள் கையைத்தான். நோட்டு இல்லை, தேயிலைக் கரண்டிதான் இருந்தது.

"எந்தப் பரவால்ல?"

"தங்கமணிக்குச் சொன்னதுக்குக் கேள்விக்குறி போட்டு வெச்சியே, அந்தப் பதினொண்ணாவது."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. கரண்டி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வேண்டுமென்றே போட்டாளா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.